வாக்குரிமைக்கும் வாழ்வுரிமைக்கும் உழைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

தேர்தல் நாளன்று நம் இல்லத்து மகளிர் ஆடவருடன் வரிசையில் நின்று வாக்களித்துத் திரும்புவதை நாம் இயல்பான நிகழ்ச்சியாகக் கருதுகிறோம். இவ்வுரிமை தானே வந்ததன்று. இதற்காகப் பாடுபட்டோருள் தமிழகம் மறத்தற்கரியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் சிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்கள் பட்ட இழிவை அம்மையார் இளமையிலேயே அறிந்திருந்தார்.

ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. எனினும் மன்னர் இசைவளித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும் என்பது அவர் மணத்திற்கு முன்பே விதித்த நிபந்தனையாகும்.

1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே மகளிர் குழுவொன்று மாண்டேகு அவர்களைக் கண்டு வாக்குரிமை வேண்டியது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அம்முடிவை மாகாண மன்றங்களுக்கே விட்டது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் அவ்வுரிமையை வழங்கி ஏனைய மாகாணங்களுக்கு வழிகாட்டிற்று. ஆயினும் சொத்துத் தகுதி நீங்காமையால் ஏழைப் பெண்டிர்க்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

மாதர் சங்கத்தார் முயற்சியால் 1926இல் அம்மையார் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மன்றத்தின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை அவர் அணிகலனாகக் கொள்ளவில்லை, கருவியாகவே கொண்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முற்பட்டார். மரபு அழியும் என்று சிலர் எதிர்த்தனர். வாழ்வாதாரம் போய்விடும் என்று அஞ்சித் தேவதாசியருள்ளும் சிலர் எதிர்த்தனர். அவ்வச்சம் பொய்யன்று, அதனை அம்மையாரும் உணர்ந்திருந்தார் என்றே நாம் எண்ணுகிறோம். 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவர்களைக் கோயிற் பணியினின்று விடுவித்து, மானிய நிலத்தை அவர்கள் வசமே இருக்கச் செய்தது.

1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. சட்டம் வரும்வரை அவர் வாளா இருந்தாரல்லர். புகலிடமின்றி வந்த சிறுமியர்க்குத் தம் இல்லக் கதவைத் திறந்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அம்மையார் தொண்டாக மாற்றினார். பல்லாண்டு முயற்சியின் பயனாக 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. 1956இல் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

சொத்துத் தகுதியின்றி அனைவர்க்கும் வாக்குரிமை என்பது 1950இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் கைகூடியது. ஒரு சிறுமிக்கு மறுக்கப்படவிருந்த கல்வி, எத்தனை சிறுமியரின் வாழ்வுக்கு அரணாயிற்று என்பதை அம்மையார் வரலாறு காட்டுகிறது. நம் இல்லத்துப் பெண் மக்களின் கல்வியைத் திருமணத்தின் பொருட்டு இடையில் நிறுத்தாதிருப்போமாக. அதுவே அவர்க்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.