மழைக்குக் கணக்குப் போட்டவர்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பை வாழ் தமிழர்கள் பத்திரிகையில் முதலில் தேடுவது ஏரிகளின் நீர்மட்டத்தைத்தான். பட்சா, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, விகார், துளசி ஆகிய ஏழு ஏரிகளிலும் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது, மாநகராட்சி பத்து சதவீதம் வெட்டப் போகிறதா என்பதே தாராவியிலும் செம்பூரிலும் பேச்சு. அதே பக்கத்தின் ஒரு மூலையில், இவ்வாண்டு பருவமழை சராசரியில் இத்தனை சதவீதம் இருக்கும் என்ற வானிலை இலாகாவின் அறிவிப்பும் வந்திருக்கும். பெய்யாத மழைக்கு முன்கூட்டியே எப்படிக் கணக்கு எழுதுகிறார்கள்? இந்தக் கணக்கைச் செம்மையாகப் போடக் கற்றுக் கொடுத்தவர் சர் கில்பர்ட் வாக்கர். இருபது ஆண்டுகள் சிம்லாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர். நம்மவர் ஒருவரின் வாழ்க்கையில் விளக்கேற்றி வைத்தவரும்கூட. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தாமஸ் வாக்கர் ஓர் இன்ஜினீயர். நகரங்களுக்கான நீர்த்தேக்கங்களைக் கான்கிரீட்டால் கட்டுவதில் முன்னோடியாக விளங்கியவர். தந்தை தண்ணீரைத் தேக்கி வைக்க வழி செய்தார். அந்தத் தண்ணீர் வருமா வராதா என்று பார்ப்பது மகனுக்கு வாய்த்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1889-இல் கணிதத்தில் சீனியர் ராங்ளர், அதாவது அந்த ஆண்டின் முதல் மாணவர் என்று தேறினார். பரீட்சைக்குப் பட்ட பாடு உடம்பைக் கெடுத்தது. மூன்று குளிர்காலங்களை ஸ்விட்சர்லாந்தில் கழித்து உடம்பைத் தேற்றிக்கொண்டார். வீசினால் கைக்கே திரும்பி வரும் பூமராங்கின் மீது அவருக்கு அலாதி மோகம். அதன் கணிதத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதியதோடு நில்லாமல், கேம்பிரிட்ஜ் ஆற்றோரத்தில் நின்று வீசியும் பார்ப்பாராம். பூமராங் வாக்கர் என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

வானிலை பற்றி இவர் முறையாகப் படித்தவர் அல்ல. அப்படிப்பட்டவரை இந்திய வானிலை இலாகாவின் தலைமைக்கு ஏன் அழைத்தார்கள் என்று அறிய, அந்தக் காலத்து இந்தியாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த இலாகா 1875-இல் ஏற்பட்டது. மறு ஆண்டே தென்னாட்டைப் பெரும் பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை மதராஸ் ராஜதானியிலும் மைசூரிலும் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தனர். தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பேச்சில் நின்றுவிட்ட பஞ்சம் அதுதான். மழை பொய்க்குமா என்று முன்னதாகவே தெரிந்தாக வேண்டும் என்ற நெருக்கடி சர்க்காருக்கு வந்தது. இலாகாவின் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயமலையில் பனி அதிகமாகக் கிடந்தால் அந்த ஆண்டு மழை குறைகிறது என்று கண்டு, 1886 முதல் ஆண்டுதோறும் முன்னறிவிப்பு வெளியிட்டார். அடுத்து வந்த சர் ஜான் எலியட் அதைப் பல பக்க அறிக்கையாக வளர்த்தார். 1899-இல் அவர் நல்ல மழை என்று அறிவித்தார். வந்ததோ கொடிய வறட்சி. ராஜஸ்தானம், குஜராத், மத்திய மாகாணங்கள் என்று மறுபடியும் லட்சக்கணக்கில் உயிர்ச்சேதம். பத்திரிகைகள் இலாகாவைக் கிழித்தன. சில ஆண்டுகள் முன்னறிவிப்பை வெளியிடாமல் ரகசியக் காகிதமாகவே வைத்திருந்தார்கள்.

தமக்குப் பின் வருபவர் தேர்ந்த கணிதக்காரராக இருக்க வேண்டும் என்று எலியட் நினைத்ததால்தான் வாக்கர் வந்தார். 1904 ஜனவரியில் பொறுப்பேற்றார். பருவமழை எதனால் வருகிறது, எதனால் பொய்க்கிறது என்று காரணகாரியத்தோடு விளக்க அன்றைய விஞ்ஞானத்துக்குச் சக்தி இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. காரணம் தெரியாவிட்டால் போகட்டும், கணக்குத் தெரியுமே என்று வேறு வழியில் இறங்கினார். உலகில் எந்தெந்த ஊரில் காற்றழுத்தமோ மழையோ வெப்பமோ எப்படி இருந்த ஆண்டுகளில் இந்தியாவில் மழை கூடியது, குறைந்தது என்று பழைய பதிவேடுகளை அடுக்கி ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த வழி.

இது இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை. அன்று அத்தனையும் கைக்கணக்கு. சிம்லா ஆபீசின் இந்தியக் குமாஸ்தாக்கள், மொரீஷியஸ், சான்சிபார், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகின் நாலா பக்கத்துப் பதிவேடுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடி ஊருக்கும் எத்தனை தூரம் தொடர்பு உண்டு என்று பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தார்கள். முதல் உலக யுத்தம் வந்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் போய்விட்ட சமயத்திலும் இந்தக் கணக்கு நிற்கவில்லை. உலக வானிலை பற்றி வாக்கர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளில் பக்கம் பக்கமாக அட்டவணைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குமாஸ்தாவின் கண்ணெரிச்சல். மாதக் கடைசியில் ஒரு ஸ்டேட்மென்டை டேலி பண்ணப் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கில் ஒரு பொறியும் உண்டு. ஆயிரம் ஜோடியை ஒப்பிட்டால், ஒரு சம்பந்தமும் இல்லாத சில ஜோடிகள்கூடத் தற்செயலாகப் பொருந்திவிடும். அதை நம்பி முன்னறிவிப்புச் செய்தால் 1899 கதைதான். பொருந்துவது எது, பொருந்துவதுபோல் தெரிவது எது என்று பிரிக்க வாக்கரே ஒரு சோதனை முறை வகுத்தார். பிறகு, ஐந்தில் நான்கு பங்காவது பலிக்க வாய்ப்பு இருந்தாலொழிய முன்னறிவிப்பு வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார். மற்ற ஆண்டுகளில் மேலிடத்துக்குச் சொல்ல அதிகம் இராது. மேலிடம் கேட்பதைச் சொல்லிவிட்டுப் போவது எத்தனை சுலபம் என்று உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அவர் செய்த காரியங்களில் இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

இனி நம்மவர் கதை. 1913 பிப்ரவரியில் வாக்கர் மதராசுக்கு வந்தார். அங்கே துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஒரு காலத்தில் ரயில்வே இன்ஜினீயராக இருந்தவர். தம் ஆபீசில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் கணித ஏடுகளை வாக்கரிடம் காட்டினார். அந்தக் குமாஸ்தா கும்பகோணம் ராமானுஜன். அந்தக் கணிதம் வாக்கரின் துறையே அல்ல. ஆயினும் பார்த்த மறுநாளே, பிப்ரவரி 26 அன்று, மதராஸ் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சியாளருக்கு நிகரான புதுமை இதில் இருக்கிறது, இவர் சில வருஷங்களாவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதத்தில் ஈடுபட வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். சர்வகலாசாலையும் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்தால் போதும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியின் பெயரைச் சொல்லும்போது வாக்கரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அந்த நாளிலேயே இன்னொரு சந்தேகமும் எழுந்தது. நாட்டின் தட்பவெப்பமே மாறிவிட்டதோ, காடுகளை வெட்டியதால் மழை ஒரேயடியாகக் குறைந்துவிட்டதோ என்று பலரும் பேசினார்கள். தொடர்ந்து சில வறண்ட ஆண்டுகள் வந்ததால் ஏற்பட்ட பயம் அது. வாக்கர் கையில் இருந்த பதிவேடுகளைப் புரட்டி, நிரந்தர மாற்றம் ஏற்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று 1910-இல் எழுதினார். அன்றைய கணக்குக்கு அது சரியான விடை. ஆனால் அவருடைய முறை முழுவதும் அந்த விடையின் மேல்தான் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நேற்று இருந்த தொடர்பு நாளையும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் பழைய பதிவேடு நாளைய மழையைச் சொல்லும்.

1924-இல் வாக்கர் ஓய்வு பெற்று, சர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். அதே ஆண்டு தம் முக்கியமான கண்டுபிடிப்புக்குப் பெயர் சூட்டினார். பசிபிக் சமுத்திரத்தின் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்து சமுத்திரத்தின் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. தெற்கு ஊசலாட்டம் என்றார் அதை. காரணம் சொல்ல முடியாத வெறும் எண் விளையாட்டு என்று விஞ்ஞானிகள் பலர் ஒதுக்கினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். புல்லாங்குழலின் அமைப்பைத் திருத்துவது, பறவைகள் சிறகசைக்காமல் மிதப்பதை ஆராய்வது என்று முதுமையைக் கழித்து, 1958 நவம்பர் 4 அன்று தமது 90-ஆவது வயதில் காலமானார். அவருடைய கணக்குகள் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை என்ற எண்ணமே அப்போது இருந்தது.

அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1969-இல், பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி காரணத்தைக் கண்டார். பெரு நாட்டுக் கடலோரத்தில் சில ஆண்டுகளில் கடல் சூடேறுவதை அந்த ஊர் மீனவர்கள் எல் நினோ என்பார்கள். அந்தச் சூடும் வாக்கரின் ஊசலாட்டமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பசிபிக்கின் மேலே கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று அவரே பெயரும் வைத்தார்.

அப்படியானால் இப்போது கணக்குத் தப்புவதில்லையா என்றால், தப்புகிறது. வாக்கர் தேர்ந்தெடுத்த தொடர்புகளில் பல காலப்போக்கில் வலுவிழந்தன. 1988 முதல் நம் இலாகா 16 அம்சங்களை வைத்துக் கணித்து வந்தது. 1997-இல் பலத்த எல் நினோ; எல்லோரும் பயந்தார்கள், மழை சராசரிக்கு இரண்டு சதவீதம் மேலேயே பெய்தது. 2002-இல் சராசரி மழை என்று சொல்ல, 19 சதவீதம் குறைந்தது. அதன்பின் அந்த முறையை மாற்றினார்கள். இப்போது கடலையும் காற்றையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் கணிப்புகள் பலவற்றைச் சேர்த்துக் கணிக்கிறார்கள். பூமியே சூடேறிவரும் காலத்தில் பழைய பதிவேட்டை மட்டும் நம்பிக் கணக்கு எழுத முடியாது. ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டிவிட்டு மற்ற நாட்களில் காய்ந்தால், மொத்தக் கணக்குச் சரியாக இருந்தும் ஏரிக்குப் பயன் குறைவு.

பலித்த ஆண்டும் உண்டு. 2015-இல் எல் நினோவைப் பார்த்து, மழை 88 சதவீதம்தான் என்று ஜூனிலேயே இலாகா அறிவித்தது. பெய்தது 86. இருந்தும் 2016 ஏப்ரலில் மிராஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் ரயிலில் பத்து டாங்க் வேகன்கள், ஐந்து லட்சம் லிட்டர். சொல்லி வைத்த வறட்சி அது. பிறகு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கும் தண்ணீர் ரயில் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே அதில் முக்கியக் காரணம். வடகிழக்கு மழைக்கு ஜூன் மாதக் கணக்கு உதவாது.

வானிலை இலாகா ஏப்ரலில் ஒரு முறையும் மே மாதக் கடைசியில் ஒரு முறையும் பருவமழைக் கணிப்பை வெளியிடுகிறது. சதவீத எண்ணுக்குப் பக்கத்திலேயே, இதில் இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். ஏப்ரலில் அது 5, மே கடைசியில் 4. தலைப்புச் செய்தியில் அந்த இரண்டாவது எண் பெரும்பாலும் வருவதில்லை. உள்ளே தேடிப் பார்த்தால் கிடைக்கும்.