பெயரை மறைத்த ‘மாணவர்’

தேஹு ரோடு: நாலைந்து உருப்படிகளைச் சோதித்துவிட்டு மொத்தச் சரக்கையும் ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்வது தொழிற்சாலைகளில் வழக்கம். அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவர் வில்லியம் கோசெட்.

1876-ல் இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கணிதமும் ரசாயனமும் பயின்று, 1899-ல் டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்கு அமர்ந்தார். பார்லி, ஹாப்ஸ் சோதனைகளில் அவருக்குக் கிடைத்தவை சில அளவுகளே. அன்றைய முறைகளோ பெரிய மாதிரிகளுக்கே பொருந்தின.

3,000 பேரின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக எடுத்துத் தம் சூத்திரத்தைச் சரிபார்த்தார். மாதிரி சிறுத்தால் எச்சரிக்கை பெருக வேண்டும் என்பதே அதன் சாரம். நூற்றுக்கு 95 பங்கு உறுதி வேண்டுமானால், பெரிய மாதிரியில் சராசரிக்கு இருபுறமும் திட்டப் பிழையைப்போல் சுமார் 2 மடங்கு இடம் விட்டால் போதும். நான்கே அளவுகள் என்றால் 3 மடங்குக்கு மேல் விட வேண்டும்.

ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிட ஆலை அனுமதிக்கவில்லை. எனவே 1908-ல் வந்த கட்டுரையில் ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவர் என்றே கையெழுத்திட்டார். 1937 அக்டோபர் 16-ல், 61-வது வயதில் காலமானார்.

இன்றும் கல்லூரிகளில் அது ‘ஸ்டூடண்ட்’ சோதனைதான். கணக்கு நிலைத்துவிட்டது, கோசெட் என்ற பெயரைத்தான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.