ஊர் திரும்பாத புத்தாண்டு

திருமணமோ திருவிழாவோ துக்கமோ, நேரில் சென்று தலைகாட்டுவதே நம்மிடையே உறவின் இலக்கணம். கரோனா இரண்டாம் அலை வீசிய 2021-இல், நெருங்கிய உறவினர் இல்லத் திருமணத்துக்கு நான் செல்லவில்லை. அந்த மனத்தாங்கல் இன்றும் முழுமையாகத் தீரவில்லை. அதை எண்ணும்போதெல்லாம் மருத்துவர் வூ லியன் டே நினைவுக்கு வருகிறார்.

1879-இல் பினாங்கில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வூ. உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். 1908-இல் சீனாவின் தியான்ஜின் நகரில் ராணுவ மருத்துவக் கல்லூரிப் பணியை ஏற்றார்.

1910-இன் இறுதியில் மஞ்சூரியாவைக் கொள்ளைநோய் தாக்கியது. மர்மோத் என்னும் கொறிவிலங்கின் தோலுக்கு விலை உயர்ந்ததால் அனுபவமற்ற வேட்டைக்காரர்கள் பெருகினர். நோயுற்ற விலங்குகளிடமிருந்து அவர்களுக்குக் கிருமி தொற்றியதாகக் கருதப்படுகிறது. நெரிசலான விடுதிகளும் ரயில் பெட்டிகளும் அதைப் பரப்பின. சந்தையில் ஏறும் விலை எங்கோ உயிர்ப்பலி கேட்கும் என்பதைப் பொருளியல் கற்பித்த நான் எளிதில் கடந்துவிட இயலவில்லை.

டிசம்பரில் ஹார்பின் வந்த வூ, பிணக்கூறாய்வு செய்து, அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சுவழியே பரவும் நுரையீரல் பிளேக் என்று கண்டறிந்தார். மெல்லிய துணிக்கிடையே பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தைப் பரிந்துரைத்தார். முகக்கவசமின்றி நோயாளிகளைச் சோதித்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, சில நாள்களிலேயே அந்நோய்க்குப் பலியானார்.

அப்போது சீனப் புத்தாண்டு நெருங்கிக் கொண்டிருந்தது. குடும்பத்தைக் காண ஏங்கிய ஷான்டோங் கூலித் தொழிலாளர்கள் தெற்கே புறப்படும் காலம் அது. ரயில் பயணத்தைக் கட்டுப்படுத்த வூ வலியுறுத்தினார். நோயாளிகளோடு பழகியவர்களைச் சரக்குப் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார். உறைந்த நிலத்தில் புதைக்க இயலாமல் குவிந்து கிடந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்களை, மரபை மீறி, அரச அனுமதி பெற்று எரித்தார். 1911 மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் இறந்திருந்தனர்.

அவ்வாண்டு ஏப்ரலில் முக்டெனில் நடைபெற்ற பன்னாட்டு பிளேக் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் மருத்துவம் பார்த்தார். 1960-இல் பினாங்கில் மறைந்தார்.

பயணத்தைத் தவிர்ப்பவரின் இழப்பு கண்ணுக்குத் தெரியும். அதனால் பிழைத்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. இக்கணக்கில் இன்னொன்றும் உண்டு. ஓய்வூதியம் பெறும் நான் வீட்டிலிருந்தபடியே விலகியிருந்தேன். அன்றாடக் கூலிக்கு அது வாய்க்காது. அடுத்த கொள்ளைநோயில் பயணத்தைத் தடுக்கும் அரசு, தடுக்கப்பட்டவருக்கு உணவும் கூலியும் சேர்த்தே வழங்க வேண்டும். விலகியிருப்பது அப்போதுதான் அனைவருக்கும் இயலக்கூடிய கடமையாகும்.