நம்ம பக்கத்து ஊர் உரைகாரர் அடியார்க்கு நல்லார்



சிலப்பதிகாரத்தை எழுதியவர் யார் என்று கேட்டால் இளங்கோவடிகள் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். அதைப் புரிய வைத்தவர் யாருன்னு கேட்டால் முழிப்போம். அவர்களில் முக்கியமானவர்தான் அடியார்க்கு நல்லார்.

அவர் நம்ம கொங்கு நாட்டுக்காரர். ஊர் நிரம்பை. பெருந்துறை தாண்டி இருக்கிற விசயமங்கலத்தை ஒட்டிய ஊர் அது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சுமார் 800 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர். பொப்பண்ண காங்கெயர்கோன் என்ற தலைவர் அவரை ஆதரித்தார்.

அரங்கேற்று காதையில் மாதவி 12 வயசில் மேடை ஏறுகிறாள். மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். யாழ், குழல், தாளம் என்று எத்தனையோ விஷயம் அதில் வருகிறது. இசை இலக்கணமும் நாடக இலக்கணமும் தெரியாவிட்டால் பாதி புரியாது. ஆனால் பெருநாரை, பெருங்குருகு போன்ற பழைய இலக்கண நூல்கள் அவர் காலத்திலேயே அழிந்துவிட்டன.

அவர் சும்மா இருக்கவில்லை. இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்ற 5 நூல்களின் துணையோடு உரை எழுதினார். எந்த நூலை வைத்து எழுதினேன் என்று பெயரும் சொல்லி வைத்தார். நம்ம ஊர்ப் போர்வையை வாங்குகிறவர் பூவை மட்டும் பார்ப்பார். எந்த இழை எங்கே ஏறி இறங்குதுன்னு தறிக்காரருக்குத்தான் தெரியும். அடியார்க்கு நல்லார் காவியத்தை அப்படிப் பார்த்தார்.

அந்த உரை முழுசாகக் கிடைக்கவில்லை. கானல்வரிக்கும் வஞ்சிக் காண்டத்துக்கும் இல்லை. கிடைத்ததை உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தோடு சேர்த்து 1892இல் அச்சிட்டார். அதைத் துணையாகக் கொண்டு ஈழத்து விபுலாநந்த அடிகள் பழைய யாழ்களை ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் வெளியிட்டார். அவர் பெயர் சொன்ன பஞ்சமரபு ஏட்டையும் நம்ம கொங்கு நாட்டுத் தெய்வசிகாமணிக் கவுண்டரே தேடி எடுத்து 1973இல் பதிப்பித்தார். எனக்கு இதுதான் ரொம்ப ஆச்சரியம்!

இலக்கணத்தை வைத்துக் காவியம் விளங்கியது. காவியத்துக்கு எழுதிய உரையால் தொலைந்த இலக்கணத்தின் பெயராவது பிழைத்தது. அந்த உரையிலிருந்து புது இசை நூலும் பிறந்தது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

உரை என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிற நோட்ஸ் என்றுதான் நாம நினைக்கிறோம். முதலில் பாட்டைப் படிப்போம். புரியாத இடத்தில் உரையைப் பார்ப்போம். உரைகாரர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தமிழம்மாவிடம் கேட்போம். அதுதான் நிரம்பையூர்ப் புலவருக்கு நாம் செய்யும் மரியாதை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சென்னிமலை.