விழுங்கியவன் வீட்டிலேயே விருந்து

பெருங்குடித் தொழிற்பேட்டையில் உழைத்துக் களைத்த தோழருக்குக் காய்ச்சல் முற்றினால் இராயப்பேட்டை மருத்துவமனையை நாடுவதுண்டு. 1911-ல் அது தொடங்கியபோது முதல் கண்காணிப்பாளராக அமர்ந்தவர் சார்லஸ் டொனோவன். உலகத்து மருத்துவ நூல்களெல்லாம் உச்சரிக்கும் பெயர். அவர் உழைத்த சென்னையில் நாமோ மறந்துவிட்டோம்!

1863-ல் கல்கத்தாவில் பிறந்தார், அயர்லாந்தில் படித்தார், 1891-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர், பொது மருத்துவமனையில் மருத்துவர். பட்டாம்பூச்சிப் பித்தர் என்பதையும் சொல்லிவிடுவோம்.

கறுப்பர் நகரம் என்று ஆள்வோர் பெயரிட்டிருந்த பகுதியிலிருந்து ஏழைகள் வந்தனர். மண்ணீரல் வீங்கி, வயிறு புடைத்து, உடல் உருகி, வாரக்கணக்கில் விடாத காய்ச்சல்! மலேரியா என்றனர், கொயினா கொடுத்தனர், காய்ச்சல் அசையவில்லை. இறந்தோர் மண்ணீரலில் முட்டை வடிவச் சிற்றுருக்களை டொனோவன் முன்பே கண்டிருந்தார். 1903 ஜூன் 17-ல், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த துளியிலும் அவற்றையே கண்டார்.

இங்கிலாந்தில் லீஷ்மன், டம்டமிலிருந்து திரும்பி மாண்ட சிப்பாயின் உடலில் இதே உருவைக் கண்டு, மே மாதமே எழுதிவிட்டார். ஆனால், சிதைந்த டிரிப்பனோசோம் என்று எண்ணினார். டொனோவன் மறுத்தார், உயிருள்ளவன் உடலிலும் அதே உரு இருக்கிறதே, சிதைவு எங்கே? ரொனால்ட் ராஸ் புதிய இனமென்று தீர்ப்பளித்து இருவர் பெயரையும் சூட்டினார். பட்டாளத்து மருத்துவர் இருவர் பெயர் நிலைத்தது. ஊசியைத் தாங்கிய சிறுவன் பெயர் அதில் இல்லை.

அந்தக் கிருமியின் சூழ்ச்சியைக் கேளுங்கள், தோழர்களே! நம் உடலில் காவலர் உண்டு, விழுங்கும் அணுக்கள். 1882-ல் மெச்னிக்கோவ் கண்டுகொண்டவை. கிருமியை விழுங்கிப் பையிலடைத்து, அமிலப் பையை அதனோடு இணைத்துச் செரித்துவிடும். நிமோனியாக் கிருமி ஒன்று வழுக்கும் உறை போர்த்து விழுங்கவே விடாது. காலா அசார் கிருமி அதனினும் கள்ளன். மணல் ஈ கடித்து உள்ளே விட்டதும் காவலன் வாய்க்குள் தானே போகும். மேனியில் பூசிய சர்க்கரையும் கொழுப்பும் கலந்த பூச்சால் பைகள் இணைவதைத் தாமதப்படுத்தும். அந்த இடைவெளியில் உருமாறும். பிறகு அமிலம் வந்தாலென்ன? அங்கேயே பெருகி, காவலனை வெடிக்க வைத்து அடுத்தவனுக்குள் குடிபுகும்.

டொனோவன் 1919-ல் ஓய்வு பெற்றார். 1951-ல் இங்கிலாந்தில் மறைந்தார். அதற்குள் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, சிற்றறையொன்றில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் பல்லாயிரம் ஏழைகளைச் சாவிலிருந்து மீட்டிருந்தது.