ஆர்க்டிக்கில் கைவிட்ட சூரியன், கொடைக்கானலில் கிடைத்த கதை: யார் இந்த எவர்ஷெட்?

கிரகணம் பார்க்க ஆர்க்டிக் கடலுக்குக் கப்பல் ஏறுவது இப்போது வந்த ட்ரெண்ட் இல்லை. 1896-லேயே லண்டனில் இருந்து வானியல் ஆர்வலர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் இருந்த ஒருவர்தான் பின்னாளில் நம்ம கொடைக்கானலை உலக வானியல் வரைபடத்தில் ஏற்றினார். அவர் பெயர் ஜான் எவர்ஷெட்.

யார் இவர்?

1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். பிழைப்புக்கு வேதியியல் பகுப்பாய்வு வேலை. மனசு முழுக்க சூரியன்தான். 1890-ல் சொந்தமாக ஒரு சின்ன வானாய்வகம் அமைத்து, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சூரியனை ஆராய்ந்தார்.

ஆர்க்டிக்கில் என்ன நடந்தது?

1896 ஆகஸ்ட் 9 அன்று முழு சூரிய கிரகணம். பிரிட்டிஷ் வானியல் சங்கம் ஏற்பாடு செய்த குழு, நார்வேயின் வட கோடியில் இருக்கும் வாட்சோ என்ற ஊருக்குப் போனது. நிலத்துக்குள் நீண்டு நுழையும் வரங்கர் ஃபியோர்டு என்ற கடற்குடாவின் கரையில் இருக்கும் ஊர் அது.

சூரியன் முழுசாக மறையப்போவது இரண்டு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. கருவிகளைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போனதற்குப் பலன் இல்லை. அதே கிரகணத்தை ரஷ்யாவின் நோவயா செம்லியா தீவில் பார்த்தவர்களுக்கு வானம் தெளிவாக இருந்தது. கிரகணத்தின்போது கண நேரம் மின்னும் சூரிய நிறமாலையை முதல் முறையாகப் படம் பிடித்த பெருமை அங்கிருந்த வில்லியம் ஷேக்கிள்டனுக்குப் போனது.

எவர்ஷெட் வெறுங்கையோடு திரும்பினார் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பயணத்தில்தான் மேரி ஆக்வொர்த் ஓர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவரும் வானியல் பைத்தியம்தான். பத்து வருஷம் கழித்து, 1906-ல் இருவருக்கும் கல்யாணம் ஆனது.

கொடைக்கானல் ஏன்?

1876-78-ல் தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் நினைவிருக்கலாம். சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை வலுத்தது. கடைசியில் பழநி மலையில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899-ல் கொடைக்கானல் வானாய்வகம் உருவானது.

1907-ல் எவர்ஷெட் தம்பதி இங்கே வந்தார்கள். கிரகணத்தைத் துரத்திப் போனால் ஒரு மேகம் போதும், எல்லாம் வீண். இங்கே அந்தக் கவலை இல்லை. இன்று மேகம் என்றால் நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்.

எவர்ஷெட் விளைவு என்றால் என்ன?

ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது சைரன் ஒலி கூர்மையாகவும், விலகும்போது மந்தமாகவும் கேட்கும் இல்லையா? ஒளியிலும் அப்படித்தான். ஒளி தரும் வாயு நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும்.

சூரியப் புள்ளிகளில் பலமான காந்தப்புலம் இருப்பதை 1908-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹேல் கண்டுபிடித்திருந்தார். அவை சுழல் மாதிரி சுற்றுகின்றன என்ற கருத்தும் இருந்தது. எவர்ஷெட் தேடியதும் அந்தச் சுழற்சியைத்தான். 1909 ஜனவரி 5 அன்று எடுத்த படங்கள் வேறு விஷயத்தைக் காட்டின. புள்ளியின் கருமையான நடுப்பகுதியைச் சுற்றியுள்ள வளையத்தில் வாயு சுழலவில்லை. உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பாய்ந்தது. வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். இன்றும் பாடப் புத்தகங்களில் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

மேரியின் பங்கு என்ன?

சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி மேரி தனியாகவும் கணவரோடு சேர்ந்தும் ஆய்வுகள் வெளியிட்டார். கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவு பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஆனால் வானாய்வகத்தில் அவருக்கு அதிகாரபூர்வப் பதவி இருக்கவில்லை. இயக்குநர் வரிசையில் இருப்பது கணவர் பெயர் மட்டும்தான்.

அப்புறம்?

1911-ல் இயக்குநரான எவர்ஷெட், 1915-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1923-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகும் வீட்டிலேயே வானாய்வகம் அமைத்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரி 1949-ல் காலமானார். எவர்ஷெட் 1956-ல், 92 வயதில் மறைந்தார்.

கொடைக்கானலில் 1904-லிருந்து எடுத்துவரும் சூரியப் படங்கள் நூறு வருஷங்களைத் தாண்டிவிட்டன. டிஜிட்டலாக மாற்றப்பட்ட அந்தப் படங்களை வைத்துத்தான் சூரியனின் பழைய போக்கை ஆய்வாளர்கள் இன்று படிக்கிறார்கள். அடுத்த முறை கொடைக்குப் போனால் ஏரி, படகு, ஹோம்மேட் சாக்லேட்டோடு வானாய்வக அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.