ஆளறிந்து வினைதந்த ஜாம்ஷெட்ஜி

டாட்டா என்றதும் நம்மில் பலருக்கு இரும்பே நினைவுக்கு வரும். ஆனால் ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் உலையில் வார்த்த எஃகுத் துண்டு ஒன்றையேனும் கண்ணால் கண்டவர் அல்லர். அவர் வாழ்நாளெல்லாம் பஞ்சாலைக்காரர். சிறு முதலில் தொடங்கிப் பெருகியவர். வளரும் தொழிலில் குறை எங்கே இருக்கிறது என்று நாடிப் பார்ப்பதும், அதனைத் தீர்க்க வல்ல ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அவருக்குக் கைவந்த கலை. நம் இராமகுப்பத்துப் பட்டுப்புழு வளர்ப்போருக்கும் அவர் வரலாற்றில் ஓர் ஒட்டு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குசராத்து நாட்டு நவசாரியில் பார்சிக் குருமார் குடியில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858இல் வெளிவந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது. தந்தையாரின் வணிகமும் அதனோடு வீழ்ந்தது. அந்த அடிக்குப் பின்னர் 1868இல் 21,000 ரூபாய் முதலில் அவர் தனி வணிகம் தொடங்கினார். அடுத்த ஆண்டு நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக்கி, இரண்டாண்டில் ஆதாயத்துக்கு விற்றார்.

பிறகு இலங்காஷயர் சென்று நூற்புத் தொழிலைக் கண்டு வந்தார். பம்பாயில் எல்லாரும் ஆலை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் நாகபுரியைத் தேர்ந்தார். பருத்தி விளையும் இடம் அது. நிலக்கரியும் தொலைவில் இல்லை. 15 இலட்ச ரூபாய் முதலில் 1874இல் கம்பெனி அமைத்தார். 1877 சனவரி முதல் நாள் எம்பிரஸ் ஆலை ஓடத் தொடங்கியது.

ஆலையை நடத்துவது யார்? பம்பாயில் பழகிய ஆலை மேலாளர்கள் பலர் இருந்தனர். அவர்களை விட்டு, இரயில்வேயின் சரக்குப் பிரிவில் பணியாற்றிய பெசன்ஜி தாதாபாய் மேத்தாவை அழைத்தார். நூல் நூற்பது பற்றி மேத்தாவுக்கு ஒன்றும் தெரியாது! ஊரார் வியந்திருப்பர். ஆனால் கடலோரத்தை விட்டு நெடுந்தொலைவில் உள்ள ஆலைக்குச் சரக்கை வரவழைக்கவும் அனுப்பவும் ஆட்களை மேய்க்கவும் தெரிந்தவரே முதல் தேவை என்று ஜாம்ஷெட்ஜி கணித்தார் போலும். நூற்பு நுட்பத்துக்கென ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயரைத் தனியே அமர்த்தினார். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிரப்பினார். தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் அல்லவா? அதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

தொடக்கத்தில் நூல் மட்டமாக வந்தது. பங்கின் விலை சரிந்தது. வேறு முதலாளியாயின் மேலாளரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதுதானே எளிய வழி! ஜாம்ஷெட்ஜி நூலைப் பார்த்தார், பொறியைப் பார்த்தார். மலிவென்று தாமே வாங்கிய பொறிகள்தாம் குற்றவாளிகள் என்று தெளிந்து, அவற்றை மாற்றினார். மேத்தா இருந்த இடத்திலேயே இருந்தார்.

அடுத்த நோய் வருகைக்குறைவு. நாள்தோறும் தொழிலாளரில் ஐந்தில் ஒரு பங்கினர் வரை வாராதிருந்தனர். சோம்பேறிகள் என்று சொல்லி அபராதம் போடுவது அந்நாள் வழக்கம். இவரோ ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் வசதி செய்தார். 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895இல் விபத்துக்கு ஈட்டுத்தொகை வழங்கும் முறையைக் கொணர்ந்தார். சட்டம் கேட்காத காலத்தில் செய்தவை இவை. இன்னொன்று நமக்கு நெருக்கமானது: கல்லூரிப் பட்டதாரிகளைப் பயிற்சியாளராகச் சேர்த்து, ஆலைப் பணியைப் படிப்படியாகக் கற்பித்தார். நாளைய மேலாளர்களை இன்றே வளர்க்கும் ஏற்பாடு அது.

1886இல்தான் பெருஞ்சோதனை. பம்பாய் குர்லாவில் கிடந்த தரம்சி ஆலையைப் பன்னிரண்டரை இலட்சத்துக்கு வாங்கி, சுவதேசி ஆலை என்று பெயரிட்டார். விலை மலிவு, உள்ளே எல்லாம் உளுத்துப்போயிருந்தது. வங்கி கடன் தர மறுத்தது. தம்முடைய எம்பிரஸ் பங்குகளை விற்றுப் பணம் போட்டார்; நாகபுரியில் பழகிய ஆட்களைக் கொண்டுவந்து பணியில் இறக்கினார். ஆண்டுகள் சென்றே ஆலை நிமிர்ந்தது. நாகபுரியில் அத்தகைய ஆட்களை முன்னரே உருவாக்கியிராவிட்டால் டாட்டா என்ற பெயர் அங்கேயே முடிந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

இனிப் பட்டுக்கு வருவோம். மைசூர் நாட்டில் புழுக்களைத் தாக்கிய நோயால் பட்டுத்தொழில் நலிந்து கிடந்தது. 1893இல் சப்பான் சென்று வந்த ஜாம்ஷெட்ஜி, அந்நாட்டு முறையே மருந்து என்று கருதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை அமைத்து, சப்பானியத் தம்பதியரை வரவழைத்து அதனை ஒப்படைத்தார். நோயற்ற முட்டையைத் தேர்ந்து புழு வளர்க்கும் முறை அங்கே கற்பிக்கப்பட்டது. எல்லைக்கு இப்பால் நம் வட்டாரத்து மல்பெரித் தோட்டங்களுக்கும் அவ்வறிவு அயலது அன்று. பண்ணை இன்று இல்லை. குப்பத்திலிருந்து இரயிலேறிப் பெங்களூர் செல்லும் நண்பர்கள் பசவனகுடிக்குப் பக்கத்தில் டாட்டா சில்க் ஃபார்ம் என்ற பெயரோடு ஒரு பகுதி இருப்பதைக் காணலாம்.

1902இல், அறுபத்து மூன்று வயதில், அமெரிக்கா சென்றார். சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியியல் அறிஞரின் நியூயார்க் அலுவலகத்துக்குத் தாமே நேரில் நடந்து போய், இரும்பாலை அமைக்க இந்தியாவுக்கு வரவேண்டும் என்று கேட்டார். பெரின் இசைந்தார், தம் துணைவரான வெல்டு என்னும் நில இயலாரை முன்னதாக அனுப்பினார். வெல்டு காடுகளில் இரும்புக் கல்லைத் தேடித் திரிந்துகொண்டிருந்த நாளில், 1904 மே 19 அன்று, செருமனியில் ஜாம்ஷெட்ஜி காலமானார். ஆலைக்கான இடம்கூட அப்போது முடிவாகவில்லை. மகன் தொராப்ஜியும் பெரினும் தேடலை விடாது தொடர்ந்தனர். 1907இல் கம்பெனி பதிவாயிற்று. 1912இல் சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பட்டது.